நீர்க்கடுப்பும் சூடும்

பிறரிடம் சொல்ல நாணி மறைக்கப்படும் நோய்கள் சில உள. நீர்க்கடுப்பு அவற்றுள் ஒன்று. சிறுநீர் கழிக்கையில் எரிவு தோன்றின், "சூடு பிடித்துவிட்டது" என்று கூறி, இளநீரோ பார்லித் தண்ணீரோ பருகிப் பொறுத்திருத்தல் நம்மவர் வழக்கம். இவ்வழக்கம் பாதி சரியானது, பாதி ஆபத்தானது.

சரியான பாதியை முதலிற் கூறுவாம். சித்திரை வெயிலில் நீரருந்தாது விளையாடினால் சிறுநீர் செறிந்து, மஞ்சள் மிகுந்து, சற்றே எரியும். வேண்டிய அளவு நீர் பருகின் அன்றே தணிந்துவிடும். அது நோயன்று. ஆனால் எரிவு தணியாது நிற்க, சிறிது சிறிதாக அடிக்கடி கழிக்கவேண்டும் என்னும் உணர்வும், அடக்கவொண்ணா அவசரமும், அடிவயிற்று நோவும் கூடுமாயின், அல்லது நீர் கலங்கியோ குருதி கலந்தோ வருமாயின், அது சூடன்று; பெரும்பாலும் கிருமித் தொற்றேயாம்.

இதனைப் பெரிதும் விளைப்பது நம் குடலிலேயே வாழும் ஒரு பற்றீரியா. 1885 இல் தியோடோர் எஷெரிக் என்னும் மருத்துவர் இதனை விவரித்தார். எஷெரிக்கியா கோலை என அவர் பெயராலேயே இன்று வழங்குகிறது. குடலிற் பெரும்பாலும் தீங்கின்றி இருப்பது, சிறுநீர் வழியே ஏறிச் சிறுநீர்ப்பையை அடைந்ததும் பகையாகின்றது. பெண்களுக்கு அவ்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர். ஆண்களுக்கோ ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். ஆதலின் பெண்களையே இந்நோய் மிகுதியும் வருத்தும்.

அப்படியாயின் நமக்கென்ன என்று இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்கள் எண்ணற்க. ஆணுக்கு இத்தொற்று வரின் அதன் பின்னே வேறொரு காரணம் ஒளிந்திருத்தல் கூடும். ஐம்பதைக் கடந்தோர்க்குப் பருத்த புரோஸ்டேட் சுரப்பி நீரை முற்றாக வெளியேறவிடாது. தேங்கிய நீரிற் கிருமி பெருகும். சிறுநீர்க் கல்லும் நீரிழிவும் தொற்றுக்குத் துணைபோவன. ஆகவே ஆண்கள் இளநீரோடு நின்றுவிடாது வைத்தியரிடம் செல்லவே வேண்டும்.

குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவின் கீழே முதுகுப்புற நோவு, வாந்தி ஆகியவை தோன்றின் தொற்றுச் சிறுநீரகத்தைப் பற்றியிருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். கிருமி குருதியிற் கலப்பின் உயிருக்கே இடராகும். சிறு குழந்தைக்குக் காய்ச்சல் மாத்திரமே அடையாளமாக இருத்தலுமுண்டு. முதியோர் சிலர் திடீரென மனங்குழம்பிப் பேசுவர். கருவுற்ற தாய்மாருக்கோ எரிவு இல்லாதபோதும், சோதனையிற் கிருமி காணப்படின் சிகிச்சை வேண்டும்.

சோதனைக்கு நீர் கொடுப்பதிலும் ஒரு முறையுண்டு. முதலில் வருவதைப் போகவிட்டு, நடுவில் வருவதைத் துப்புரவான போத்தலில் ஏந்துக. மருந்து தொடங்குமுன் அதனைக் கொடுத்தல் நன்று. கிருமியை வளர்த்துப் பார்க்க ஓரிரு நாட்கள் செல்லும்.

1953 இல் வழக்கிற்கு வந்த நைற்றிரோபியூரன்ரோயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்றும் சிறந்த மருந்துகளுள் ஒன்று. அது சிறுநீரிற் செறிந்து நிற்குமேயன்றிச் சிறுநீரகத் தசையிற் போதிய அளவு சேராது. ஆதலின் சிறுநீரகத் தொற்றுக்கு உதவாது. அயல்வீட்டார் மிச்சம் வைத்த குளிசையை வாங்கி விழுங்குதல் எத்துணைப் பேதைமை என்பது இதனாற் புலனாகும். பெண்களின் எளிய தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் மருந்து பெரும்பாலும் போதும். ஆண்களுக்கு ஏழு நாட்களேனும் வேண்டப்படும். இரண்டாம் நாளே எரிவு நின்றாலும் வைத்தியர் குறித்த நாள்வரை உட்கொள்க. இடையில் நிறுத்தின் நோய் மீளலாம்.

பார்லித் தண்ணீர் மருந்தன்று. ஆயினும் நீர் நீரே. அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளாகும் பெண்கள் நாடோறும் ஒன்றரை லீற்றர் நீர் கூடுதலாகப் பருகியபோது தொற்றுக் குறைந்தமையை 2018 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. நம் பிள்ளைகளுள்ளோ, பாடசாலைக் கழிவறைக்கு அஞ்சிக் காலை முதல் நீரருந்தாதும், வந்ததை அடக்கியும் இருப்போர் உளர். "ஒன்றுக்குப் போகவேண்டும்" என ஒருவன் கையுயர்த்தினால், புணர்ச்சி விதியின் நடுவேயாயினும், நாம் அவனைப் போகவிடுகின்றோம்.