வலிமையும் தாங்குதிறனும்

வலிமை என்னுஞ் சொல்லுக்கு நம் மொழியில் உறவினர் பலர். உரன், மதுகை, மைந்து, மொய்ம்பு, திறல் என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். ஆயினும், பெரும் பாரத்தை ஒரு மூச்சிலே தூக்கும் ஆற்றல் வேறு. இளைப்பின்றி நெடுந்தொலைவு ஓடும் ஆற்றல் வேறு. முன்னதை வலிமை என்றும் பின்னதைத் தாங்குதிறன் என்றும் உடற்கல்வி நூலார் பிரித்துரைப்பர். இவ்விரண்டினையும் ஒருங்கே பயிலலாமா என்னும் வினா இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு எதற்கு எனச் சிலர் நகைக்கலாம். பசறையில் ஆசிரியனாய் இருப்பவன் இவ்வினாவினின்றும் தப்புதல் அரிது.

எம் மாணவருட் பலர் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து வருபவர். நமுனுகுல மலையை அண்ணாந்து பார்த்து வளரும் இப்பிள்ளைகட்கு, படியும் ஒற்றையடிப் பாதையுமாய் ஏறி இறங்கிப் பாடசாலை சேர்வதே நாளாந்தப் பயிற்சி. அன்னையரோ கொழுந்துக் கூடை முதுகிலே தொங்க, சரிவிலே காலூன்றிக் கை ஓயாது பறிப்பவர். தாங்குதிறனை இவர்களுக்கு நாம் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும், விளையாட்டுப் போட்டி நெருங்கியதும், காலையில் வீதியோட்டம், மாலையில் மீண்டும் ஓட்டம், இடையிலே தண்டால், பஸ்கி என எல்லாவற்றையும் ஒன்றன்மேலொன்றாய் ஏற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பத்து நாளில் பிள்ளை சோர்ந்துவிடும். "தோட்டத்துப் பிள்ளை, உடம்பிலே சத்தில்லை" என்று பேச்சு முடிந்துவிடும். அம்முடிவு எனக்கு உடன்பாடன்று.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹிக்சன் எடை தூக்குதலில் ஈடுபாடு உடையவர். ஜான் ஹொலொஸி என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து அவரோடு ஓடத் தொடங்கியபின், தம் தசை மெலிவதையும் பலம் குறைவதையும் கண்டார். அதனை முறையிட்டபோது, அதையே ஆராயுமாறு பேராசிரியர் பணித்தாராம். அவ்வாய்வு 1980இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் வாரத்தில் 5 நாள் பாரப் பயிற்சி செய்தனர். மற்றொரு குழுவினர் 6 நாள் தாங்குதிறன் பயிற்சி செய்தனர். மூன்றாங் குழுவினர் இரண்டினையும் முழுமையாகச் செய்தனர். 10 வாரம் இவ்வாறு நிகழ்ந்தது. மூன்றாங் குழுவினரின் கால்வலிமை முதல் ஏழு வாரங்கள் வளர்ந்து, பின் நின்று, இறுதி இரு வாரங்களிற் குறைந்தது. தாங்குதிறனுக்கோ குறைவில்லை.

சொற்கள் புணருங்கால் சில இயல்பாய் நிற்கும். சிலவற்றில் ஓரெழுத்துக் கெடும். இங்கே கெட்டது வலிமை. ஆனால் எல்லாப் புணர்ச்சியும் கெடுதலில் முடிவதில்லை அன்றோ?

1999இல் பின்லாந்து நாட்டு லீனா பாவலைனனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு மறுபுறத்தைக் காட்டிற்று. தேர்ந்த ஓட்டவீரர் சிலர், 9 வாரங்கள், தம் பயிற்சியில் மூன்றிலொரு பங்கை நீக்கி, அவ்விடத்திலே தாவுதல், குறுந்தொலைவு விரைவோட்டம், இலேசான பாரத்தை விரைந்து தள்ளுதல் முதலியவற்றைச் செய்தனர். அவர்தம் 5 கிலோமீற்றர் ஓட்டநேரம் குறைந்தது. உடல் கொள்ளும் ஒட்சிசனின் உச்ச அளவு உயரவில்லை. காலடி ஒவ்வொன்றும் சிக்கனமாயிற்று. ஹிக்சனின் மூன்றாங் குழுவினர் ஒன்றன்மேல் ஒன்றைக் கூட்டினர். இவர்கள் ஒன்றை எடுத்து மற்றொன்றை இட்டனர். வேறுபாடு அங்கேதான் உள்ளது. ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2022இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, இருவகைப் பயிற்சியும் அளவோடு இணையின் தசைவளர்ச்சியும் உச்சவலிமையும் பெரிதும் கெடுவதில்லை என்றும், ஒரே வேளையிற் செய்தால் வெடித்தெழும் விரைவாற்றலே குன்றுகின்றது என்றும் கூறுகின்றது. ஆதலின் இரண்டுக்குமிடையே சில மணிநேரமேனும், இயன்றால் ஒரு நாளேனும் விடுதல் நன்று.

இலண்டன் ஒலிம்பிக்கில் 1948ஆம் ஆண்டு, 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்திலே வெள்ளிப் பதக்கம் வென்று இத்தீவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித்தந்தவர் டங்கன் வைட். வேலி தாண்டும் வலிமையும், கடைசி நூறு மீற்றரில் தளராமையும் ஒருடலிற் கூடினாலன்றி அவ்வோட்டம் இல்லை.

எம் பிள்ளைகட்கு இவ்விரண்டும் கூடாமற் செய்வது பெரும்பாலும் காலையுணவே. வெறுந்தேநீரும் ஒரு ரொட்டித் துண்டும் உண்டு வரும் பிள்ளையின் தசை எதனைக் கொண்டு தன்னைச் செப்பனிடும்? அவித்த கடலை, கௌபி, ஒரு முட்டை: பயிற்சி அட்டவணையில் இவற்றுக்கும் ஒரு நிரல் இருத்தல் வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் வாதிட்டேன். அவர் இளைஞர், "ஐயா, முட்டைக்குக் காசு?" என்றார். ஆசிரியர் அறையிலே ஒரு தகரப்பேணி வைத்தோம்.

இப்பொழுது 1500 மீற்றர் ஓடும் மாணவி ஒருத்தி, மாகாணப் போட்டிக்கு ஆயத்தமாகின்றாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் ஓடுவதில்லை. அவித்த கடலையை உண்டபின், பாடசாலைப் படிக்கட்டிலே இரு காலும் சேர்த்துத் துள்ளி ஏறுகின்றாள். மேலே நின்று இளைப்பாறி, நடந்து இறங்குகின்றாள்.