வீட்டு பிளான், எஸ்டிமேட்: கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்கணும்?

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை சந்தையில் பல்லைப் பார்க்காமல், தூக்கி எடை பார்க்காமல் யாரும் ஆடு வாங்க மாட்டாங்க. ஆனா பல லட்சம் செலவாகும் வீட்டுக்கு, கலர் எலிவேஷன் படத்தைப் பார்த்ததுமே தலையாட்டிடுறோம்.

அனுமதி கிடைச்சா பிளான் சரின்னு அர்த்தமா?

இல்லை. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கும். விதிப்படி கட்டுகிறோம் என்று உறுதி தருவது நாமதான். 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் இடிந்த 11 மாடிக் கட்டடமும் அனுமதி பெற்றதுதான். அதில் 61 பேர் உயிரிழந்தனர்.

அனுபவமுள்ள டிசைனர் முதலில் எதைப் பார்ப்பார்?

அளவை. 10-க்கு 10 படுக்கையறையில் அலமாரிக்கு 2 அடி, கட்டிலுக்கு ஆறரை அடி போனால், நடக்க மிஞ்சுவது ஒன்றரை அடிதான். அடுத்து, பிளானையும் கம்பி டிராயிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கீழே இருக்கும் தூண் மாடியிலும் அதே இடத்தில் வருதா? மண் பரிசோதனை செய்துதான் அஸ்திவாரம் முடிவாச்சா?

எஸ்டிமேட்டில்?

மொத்தத் தொகையைக் கடைசியில்தான் பார்ப்பார். முதல் கேள்வி, 'இதில் என்ன இல்லை?' சதுர அடி ரேட்டில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர்வெல், மின் இணைப்பு பெரும்பாலும் சேராது. இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால், விலை குறைவான கொட்டேஷனே கடைசியில் அதிகச் செலவு வைக்கும். பிறகு ஜன்னல், கதவு எண்ணிக்கை பிளானோடு ஒத்துப்போகுதான்னு எண்ணுவார்.

பணம் எப்போ கொடுக்கணும்?

முடிந்த வேலைக்கு மட்டும். கூரை போடும் முன்பே பெரும்பகுதி கைமாறிவிட்டால், வேலை பாதியில் நின்றால் நம்ம கையில் பிடி இருக்காது. எதிர்பாராத செலவுக்கு 5 முதல் 10 சதவீதம் தனியா ஒதுக்கணும்.

கான்ட்ராக்டரைச் சாராத ஒரு பொறியாளரிடம் கட்டணம் கொடுத்து இந்தக் காகிதங்களைக் காட்டுங்க. பேப்பரில் சுவரை நகர்த்த ஒரு ரப்பர் போதும். கட்டின பிறகு நகர்த்தினா, உடைக்க ஒரு கூலி, கட்ட இன்னொரு கூலி.