பேசாத பீமனும் பேச வேண்டிய நாமும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் கேட்டபொழுது, வழக்கம்போல் திருக்குறளின் சிறப்பையோ தாய்மொழிக் கல்வியின் இன்றியமையாமையையோ பற்றி எழுதவே முதலில் எண்ணினோம். ஆயினும் அவற்றைப் பற்றி நம்மினும் கற்றோர் இம்மலரின் பிற பக்கங்களில் எழுதியிருப்பர். கடந்த ஓராண்டாக நம் ஞாயிறு வகுப்பில் நமக்குத் துணையாசிரியனாக இருந்துவரும் ஒரு சின்னஞ்சிறுவனைப் பற்றிப் பெற்றோர்க்கு எடுத்துரைக்கும் கடப்பாடு நமக்கு உண்டு. "தமிழ் வகுப்பில் கார்ட்டூன் காட்டுகிறார்களாமே" என்று சிலர் வருத்தத்துடன் பேசிக்கொண்டதும் நம் செவிக்கு எட்டியது. அதற்கு விடையாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

அச்சிறுவனின் பெயர் பீமன். 'மைட்டி லிட்டில் பீம்' என்னும் சித்திரப்படத் தொடரின் நாயகன். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2019 ஏப்ரலில் இதனை வெளியிட்டது. தவழ்ந்தும் தத்தி நடந்தும் திரியும் பருவத்துக் குழந்தை அவன். இந்தியச் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறான். உடலில் யானையின் வலிமை உண்டு. ஆனால் தன் வலிமையை அவன் அறியான். அவனுக்கு வேண்டுவது பெரும்பாலும் ஒரு லட்டுதான். அந்த லட்டு எட்டாத இடத்தில் இருக்கும். அதனை எட்டுவதற்குள் வீடு தலைகீழாகும், கடைத்தெரு கலங்கும், ஊரே ஓடிவரும். பத்து நிமிடத்திற்குள் ஒரு கதை முடிந்துவிடும். தொடர் முழுவதிலும் எவரும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. சிரிப்பு, அழுகை, மழலை ஒலி, இசை இவ்வளவே.

இவனுக்கு ஓர் அண்ணன் உண்டு. அல்லது இவனே வளர்ந்தவன் எனலாம். ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா என்பவர் 2001இல் தொடங்கிய கிரீன் கோல்டு அனிமேஷன் என்னும் நிறுவனம் 'சோட்டா பீம்' என்னும் தொடரை ஆக்கிற்று. 2008 முதல் போகோ தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பாகி, தமிழ்க் குரலுடனும் வந்து, தமிழகத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பிள்ளை போல் ஆயிற்று. பாரதத்து வீமசேனனிடமிருந்து பெயரையும் பலத்தையும் பசியையும் மட்டும் கடன் வாங்கி, டோலக்பூர் என்னும் கற்பனை ஊரில் ஒன்பது வயதுச் சிறுவனாக அவனை உலவவிட்டனர். அந்த மூத்த பீமன்மீது நமக்கு அத்துணை விருப்பமில்லை. லட்டைத் தின்பான், கையை முறுக்குவான், பகைவன் வீழ்வான்; பெரும்பாலான சிக்கல்களுக்கு முட்டியே விடை. இளைய பீமனிடம் இது மாறிவிடுகிறது. இங்கே வலிமை வெற்றியைக் கொணர்வதினும் வம்பையே மிகுதியும் கொணர்கிறது. தாயின் கண்ணிற்குத் தப்புவதே அவனுடைய போர். ஒரு குழந்தைக்கு அன்றாடம் நேர்வனவெல்லாம் அவ்வாறே அல்லவா? நமக்கு நாற்காலியாக இருப்பது அதற்கு மலை.

சொல் இன்மையால் இத்தொடர்க்கு வந்த ஆதாயம் பெரிது. மொழிபெயர்ப்பு வேண்டாம்; குரல் கொடுப்போர் வேண்டாம். இந்தியாவுக்கு வெளியே மட்டும் 2 கோடியே 70 லட்சம் வீடுகளில் பார்க்கப்பட்டதாக அந்நிறுவனமே 2019இல் அறிவித்தது. சொல்லின்றிக் கதை சொல்லும் கலை புதிதன்று. சாப்ளின் காலத்து ஊமைப்படங்களை நம் முன்னோர் கண்டனர். 1987இல் கமலஹாசன் நடிக்க, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் வெளிவந்த உரையாடலே இல்லாத படத்திற்குத் தமிழில் 'பேசும் படம்' என்று பெயரிட்டனர். குறும்பான பெயர்தான், எனினும் உண்மையான பெயர். நாயகனின் முகம் பேசிற்று, பார்த்திருந்தோரும் தம்முள் பேசிக்கொண்டனர்.

ஆனால் மொழியே இல்லாத ஒன்றைத் தமிழ் வகுப்பிற்குள் கொணர்ந்தது ஏன்? இவ்வூர்த் தமிழர் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின் தமிழுக்குப் பகல்நேரப் பள்ளி இல்லாது போயிற்று. கோயில் மண்டபமும் வீட்டுத் திண்ணையும் வார இறுதியுமே எஞ்சின. நம் வகுப்பிற்கு வரும் பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் பர்மிய மொழியிலேயே வாழ்பவர்கள். நம்மை 'ஐயா' என்று அழைப்போர் சிலர். 'சயா' என்று அழைப்போரே பலர். தமிழ் கேட்டால் பொருள் உணர்வர். விடை பர்மியத்தில் வரும். உயிரெழுத்துப் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளை, "தண்ணீர் வேண்டும்" என்று கேட்கக் கூசும். எழுத்தை நாம் கற்பித்துவிட்டோம். வாயைத் திறக்கச் செய்ய இயலவில்லை. இந்த இடத்தில்தான் பீமன் வந்தான்.

முதல் நாள் நாம் தோற்றோம் என்பதை மறைக்காது சொல்லிவிடுகிறோம். பெற்றோர் ஒருவர் அன்புடன் தந்த மடிக்கணினியில் படத்தை ஓடவிட்டு ஒதுங்கி நின்றோம். பிள்ளைகள் சிரித்தனர், கைகொட்டினர், மீண்டும் போடச் சொல்லிக் கெஞ்சினர். மணி அடித்தது. அந்த ஒரு மணி நேரத்தில் எவர் வாயிலிருந்தும் ஒரு தமிழ்ச்சொல் வரவில்லை. உண்மையில் எந்த மொழிச் சொல்லும் வரவில்லை. பேசாத படம் பேசாத பிள்ளைகளை உண்டாக்கிற்று. அன்று வீடு திரும்புகையில் நம் மனம் கனத்திருந்தது.

அடுத்த வாரம் பேத்தியை அழைத்துப்போக முன்னதாகவே வந்துவிட்ட ஆயா ஒருவர், பின்பலகையில் அமர்ந்து படத்தைப் பார்க்கலானார். சிறிது நேரம் பொறுத்தவர், பிறகு தம்மை மறந்து பேசத் தொடங்கினார். "ஏறுறான் பாரு, ஏறுறான் பாரு! அடே, வழுக்கும்டா! விழுந்தான் பயல். ஆத்தா வாரா, ஒளிஞ்சுக்க!" பிள்ளைகள் திரும்பிப் பார்த்தனர். ஒரு சிறுவன் "ஆயா, அவன் ஒளியல, உருட்டுறான்" என்றான். அதுகாறும் வகுப்பில் முழு வாக்கியம் எதையும் பேசியறியாத சிறுவன் அவன். ஆயாவின் கூற்றில் பிழை இருந்தது. பிழையைத் திருத்தும் ஆசை அவன் கூச்சத்தை வென்றது. இருபதாண்டு கரும்பலகையின் முன் நின்ற நமக்கு அக்கணம் ஒரு பாடம்.

அன்று முதல் முறையை மாற்றிக்கொண்டோம். ஒலியைக் குறைத்து வைப்போம். ஓரிரு நிமிடத்திற்கு ஒருமுறை படத்தை நிறுத்துவோம். இப்போது என்ன செய்கிறான், அடுத்து என்ன செய்வான், ஏன் அழுகிறான் என்பன போன்ற வினாக்களை எழுப்புவோம். வேண்டுமென்றே தவறாகவும் சொல்வோம். திருத்த ஆளுக்கு ஆள் முந்துவர். எட்டு, இழு, தள்ளு, நழுவு, உருட்டு, தவழ், சாய், கவிழ் என்று வினைச்சொற்கள் வரிசையாய் வந்து நின்றன. பாடநூலில் இவை ஓரிடத்தில் சேர்ந்து வருவதேயில்லை. அங்கே பெயர்ச்சொற்களே மிகுதி: அணில், ஆடு, இலை. பெயர் தெரிந்த பிள்ளையால் சுட்டிக்காட்ட இயலும்; கதை சொல்வதற்கு வினை வேண்டும். குழந்தை ஓயாது ஏதேனும் செய்துகொண்டே இருப்பதால், இத்தொடர் வினைச்சொற்களின் களஞ்சியமாகிவிடுகிறது. 'தவழ்' என்னும் சொல்லைக் கற்கையில் ழகரமும் உடன் வந்துவிட்டது நமக்குக் கிடைத்த கொசுறு.

குழந்தையின் அன்றாடச் செயலைக் காவியப்பொருளாக்குவது நமக்கு அயலாரிடம் கற்க வேண்டிய வித்தையும் அன்று. பெரியாழ்வார் கண்ணனை மகவாக்கித் தாம் தாயாகி நின்று பாடினார். அவ்வழியில் தோன்றிய பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. ஐந்தாம் மாதத்தில் தலையசைத்தாடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி, பெண்மகவாயின் அம்மானையும் ஊசலும், ஆண்மகவாயின் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்கும் சிற்றிலும், சிறுபறையும், சிறுதேரும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னனையே குழந்தையாக்கிக் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். மன்னனின் போர்களைப் பாடிய அதே புலவர், அவன் கைகொட்டுவதையும் பாடத்தக்கதாகக் கருதினார். சிற்றில் சிதைக்கும் பருவத்தை விளக்க நாம் பல ஆண்டுகள் சொற்களால் அல்லற்பட்டதுண்டு. இப்பொழுது பீமன் செய்யும் அழிச்சாட்டியம் ஒன்றைக் காட்டினால் போதும். லட்டைக் களவாடும் இவனைக் கண்ட ஆயாமார், வெண்ணெய் களவாடி உரலில் கட்டுண்டவன் கதையைத் தாமாகவே எடுத்துவிடுகின்றனர்.

"தமிழ்க் குரல் உள்ள கார்ட்டூன்கள் எத்தனையோ இருக்க, ஊமைப் படம் எதற்கு, ஐயா?" என்று ஒரு தாயார் வினவினார். நியாயமான வினா. தமிழ்க் குரல் உள்ள படம் பிள்ளையின் செவியை நிரப்பும். வாயிடம் எதையும் கேளாது. மேலும் குழந்தை மொழியைத் திரையிடமிருந்து எளிதில் பெறுவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரிடம் சீன மொழி பேசுவோர் நேரில் வந்து பன்னிரண்டு அமர்வுகள் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சை ஒளிநாடாவில் மட்டும் கண்ட குழந்தைகளிடம் அப்பயன் தோன்றவில்லை. கண் நோக்கி, முகம் மலர்ந்து, விடைக்குக் காத்திருக்கும் ஓர் ஆள் எதிரில் வேண்டும். ஊமைப் படத்தின் பக்கத்தில் அந்த ஆள் அமர்வதற்கு இடம் இருக்கிறது. பேசும் படத்தில் நாம் வாய் திறந்தால் பிள்ளைகளே "உஸ்" என்பர்.

எனினும் ஒரு எச்சரிக்கை. இத்தொடர் வெளிவந்த அதே 2019 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் சில நெறிகளை வெளியிட்டது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை முன் அமர்வதே கூடாது. இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமலும், குறைவாயின் நன்றாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் கூற்று. சோறூட்டுவதற்காகக் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குச் செல்லும் வழக்கத்திற்கு இக்கட்டுரையை எவரும் சான்று காட்டற்க. நாம் ஒரு வகுப்பிற்குக் காட்டுவது ஒரே கதை.

இத்தொடரின் சிறப்புக் கதைகளுள் 2019இல் வந்த தீபாவளியும் 2020இல் வந்த வண்ணத் திருவிழாவும் நம் வகுப்பில் நெடும் உரையாடலை எழுப்பின. ஹோலி என்பது நம் பிள்ளைகள் கண்டறியாதது. வண்ணப்பொடியும் நீரும் தெருவெங்கும் பறப்பதைக் கண்டதும், "திங்யான்!" என்று ஒரே குரலில் கூவினர். இல்லை என்று நாம் மறுக்கவில்லை. திங்யானில் நாம் என்ன செய்வோம் என்று தமிழில் சொல்லுங்கள் என்றோம். வாளி, குழாய், நனைதல், துரத்துதல், சளி பிடித்தல் வரை சென்றது. ஏப்ரல் நடுவில் அதனை ஒட்டியே சித்திரைப் புத்தாண்டும் வருவதை அப்போதுதான் சிலர் கவனித்தனர்.

மின்சாரம் இல்லாத ஞாயிறுகள் இப்போது பல. அன்றெல்லாம் மடிக்கணினி மூடியே கிடக்கும். சென்ற வாரம் பார்த்ததை நினைவிலிருந்து சொல்லச் சொல்வோம். மாரிக்காலத்து ஞாயிறு ஒன்றில், வெளியே மழை கொட்ட, உள்ளே இருள் சூழ்ந்திருக்க, எல்லோரும் பீமன் கதையைச் சொல்லி முடித்தபின், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சயா, எனக்கு இன்னொரு சின்னப் பையன் கதை தெரியும். பர்மாக் கதை. தமிழில் சொல்லட்டுமா?" என்றாள்.

கட்டைவிரல் அளவே உள்ள பையனின் கதை அது. ரங்கூன் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய மவுங் டின் அவுங் 1948இல் வெளியிட்ட பர்மிய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலும் அஃது உண்டு. நிறைசூலியாய் இருந்த தாய், நெல்லை உலரப்போட்டு, சூரியனை ஏசினாள், சூரியன் சபித்தான், பிறந்த மகன் கட்டைவிரலளவே ஆனான். வளர்ந்தபின் அவன் சூரியனோடு போர் புரியப் புறப்பட்டான். தாய் பணியாரம் சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். வழியில் அவனுக்குத் துணைகள் சேர்ந்தன.

சிறுமி தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள். 'உலர்த்து' என்பது வராமல் 'காய வை' என்றாள்; அது இன்னும் நல்ல தமிழ். சாபத்திற்குச் சொல் இன்றிக் கையை ஓங்கிக் காட்டினாள். பழைய படகு வந்தது, மூங்கில் முள் வந்தது. அடுத்த துணையிடம் வந்ததும் நின்றுவிட்டாள். பர்மியச் சொல் அவள் நாவின் நுனியில் இருப்பது நமக்குத் தெரிந்தது. அதனை அவள் விழுங்கிக்கொண்டாள். "பச்சையா இருக்கும். மழை பெய்தா கல்லு மேல வரும். கால் வெச்சா வழுக்கும்" என்றாள்.

பின்பலகையிலிருந்து ஆயாவின் குரல் வந்தது: "பாசி."

"ஆங், பாசி! பாசியும் சொல்லிச்சு, நானும் வாறேன்னு" என்று கதையைத் தொடர்ந்தாள்.