காசநோயில் பாலின வேறுபாடு

காசநோயில் பாலின வேறுபாடு என்பது ஆண்களும் பெண்களும் காசநோய்க்கு ஆளாகும் அளவில் காணப்படும் ஏற்றத்தாழ்வைக் குறிக்கும். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2023 ஆம் ஆண்டில் இந்நோய்க்கு ஆளானவர்களில் 55 விழுக்காட்டினர் ஆண்கள், 33 விழுக்காட்டினர் பெண்கள், எஞ்சியோர் சிறார் ஆவர்.

தொற்றும் நோயும்

காசநோய்க் கிருமி உடலில் புகுவது தொற்று எனப்படும். தொற்றுக்குள்ளானவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. சிறுவயதில் இருபாலருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. பருவமடைந்த பின்னரே இடைவெளி விரிகிறது.

பதிவுக் குறையா, உண்மை வேறுபாடா?

பெண்கள் மருத்துவமனைக்கு வரத் தயங்குவதாலேயே அவர்களது எண்ணிக்கை குறைவாகப் பதிவாகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு மட்டும் இதைச் சோதிக்க இயலாது. வீடு வீடாகச் சென்று அனைவரையும் பரிசோதிக்க வேண்டும்.

1956 இல் சென்னையில் தொடங்கப்பட்டு, 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கும் காசநோய் ஆராய்ச்சி மையம், திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில் இவ்வாறு ஆய்வு நடத்தியது. (திருவொற்றியூரும் 2018 வரை இம்மாவட்டத்திலேயே இருந்தது.) 2004 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, வீடுகளில் நடத்திய பரிசோதனையிலும் ஆண் நோயாளிகளே மிகுதியாக இருந்தனர். பெண்கள் சமூகப் புறக்கணிப்புக்குக் கூடுதலாக அஞ்சினாலும், ஆண்களைவிடச் சீராகச் சிகிச்சை பெற்றனர்.

28 நாடுகளின் கணக்கெடுப்புகளைத் தொகுத்த 2016 ஆம் ஆண்டு ஆய்வும், ஆண்களிடையே நோய் 2 மடங்குக்கு மேல் உள்ளதையும், கண்டறியப்படாமல் விடுபடுவோரிலும் ஆண்களே மிகுதி என்பதையும் காட்டியது.

உயிரியல் காரணிகள்

ஆண்மை இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் நோயெதிர்ப்பாற்றலைத் தளர்த்துவதாகக் கருதப்படுகிறது. விரை நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகள் காசநோயை எதிர்த்து நீண்டநாள் உயிர்வாழ்ந்தன. மேலும், நோயெதிர்ப்புக்குத் தேவையான மரபணுக்கள் பல எக்ஸ் நிறப்புரியில் உள்ளன. பெண்களுக்கு இந்நிறப்புரி இரண்டு உண்டு, ஆண்களுக்கு ஒன்றே. எனவே அதில் ஏற்படும் பழுதை ஈடுசெய்ய ஆண்களிடம் மாற்று இல்லை. எனினும் பெண்கள் முற்றிலும் பாதுகாப்புப் பெற்றவர்கள் அல்லர். மகப்பேற்றுக்குப் பிந்தைய மாதங்களில் அவர்களுக்கு நோய்வாய்ப்பு உயர்கிறது.

சமூகக் காரணிகள்

சென்னையிலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு 2003 இல் லான்செட் இதழில் வெளியானது. புகைபிடிப்போர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு என அது கண்டறிந்தது. மதுப்பழக்கம், காற்றோட்டமற்ற நெரிசலான பணியிடம், சிலிக்காத் தூசு ஆகியனவும் நோய்வாய்ப்பைக் கூட்டுகின்றன. திருவொற்றியூர், எண்ணூர் போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் இக்காரணிகள் கருத்தில் கொள்ளத்தக்கவை.

முக்கியத்துவம்

பகலில் வேலையை விட்டு வர இயலாத ஆண்களைப் பணியிடத்திலேயே பரிசோதித்தால், அவர்களது வீட்டிலுள்ள பெண்களும் சிறாரும் தொற்றிலிருந்து காக்கப்படுவர். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிக்கும் எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக வழங்கப்படுகின்றன.