மானியப் பதிவேடும் தோட்டத் தொழிலாளியும்: வட சிலாங்கூர் நோக்கு

வட சிலாங்கூரில் இருவகை வேளாண்மை அருகருகே வளர்ந்துள்ளது. கடற்கரையை ஒட்டிய தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரங்களில், 1930களில் உருவான நீர்ப்பாசனத் திட்டத்தைச் சார்ந்த நெல்வயல்கள் உள்ளன. உட்புறத்தே ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய இடங்களில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் அமைந்தன. அரசின் வேளாண் மானியம் வயலைச் சென்றடைந்தது. தோட்டத்தில் உழைத்த தமிழரைச் சென்றடையவில்லை. இதன் காரணத்தை மானியம் இயங்கும் முறையிலேயே நாம் தேட வேண்டியுள்ளது.

முதலில் நெல்லை நோக்குவோம். 1979இல் உர மானியமும் 1980இல் விலை மானியமும் நடைமுறைக்கு வந்தன. விலை மானியம் ஆலைக்கு விற்கும் நெல்லின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எனவே, குத்தகைக்குப் பயிரிடுவோரும் இதனைப் பெற வாய்ப்புண்டு. ஆயினும், பெறுபவர் ‘விவசாயி’ எனப் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

ரப்பரின் வரலாறு வேறு. 1952ஆம் ஆண்டு மறுநடவு நிதிச் சட்டத்தின்கீழ் ஏற்றுமதி ரப்பர் மீது வரி வசூலிக்கப்பட்டது. புதிதாக நட்ட மரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். வருவாயற்ற அவ்விடைக்காலத்தைத் தாங்கும்பொருட்டுச் சிற்றுடைமையாளருக்கு ஏக்கர் கணக்கில் உதவித்தொகை தவணைகளாக வழங்கப்பட்டது. 1973இல் அமைந்த ரிஸ்டா இப்பணியை ஏற்றது. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கோ, அவற்றின் வரித்தொகை, மறுநடவுக்குச் சான்று காட்டியபின் திருப்பித் தரப்பட்டது. தோட்டங்கள் வரி செலுத்திய ஒவ்வோர் இராத்தல் ரப்பரும் தொழிலாளி வெட்டிய பாலினின்று வந்ததே. எனினும், திரும்பிய தொகை நிலவுடைமையாளரின் கணக்கையே சேர்ந்தது. தொழிலாளி அச்சட்டத்தின் கண்ணில் பயிரிடுபவர் அல்லர். கூலி பெறுபவர் மட்டுமே.

தோட்டத் துண்டாடல் இந்நிலையை மேலும் கடுமையாக்கியது. 1950களில் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, சிறு நிலங்களை வாங்கியோர் சிற்றுடைமையாளராயினர். மானியத் தகுதியும் பெற்றனர். அங்கே தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். இதற்கு எதிர்வினையாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அது தோட்டங்களை வாங்கிக் காத்தது. ஆயினும் பட்டா சங்கத்தின் பெயரில் அமைந்தது. தொழிலாளி பங்குதாரர் ஆனாரேயன்றித் தனிப்பட்ட சிற்றுடைமையாளர் ஆகவில்லை.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் தென்படுகிறது. 2015இல் தொடங்கிய ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை, விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது, அனுமதி அட்டை பெற்ற சிற்றுடைமையாளருக்கும் அத்தகைய நிலங்களில் பால்வெட்டுவோருக்கும் உரியதாகிறது. உழைப்பவரின் பெயரையும் பதிவேட்டில் சேர்க்க இயலும் என்பதற்கு இதுவே சான்று. பெருந்தோட்டத் தொழிலாளிக்கோ, 2013இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டமே பாதுகாப்பு. அதனைத் தர வேண்டியவர் முதலாளி.

எனவே, தோட்டத் தமிழரின் வறுமையைக் கூலியின் அளவைக் கொண்டு மட்டும் விளக்குதல் முழுமையாகாது. அயலிலுள்ள உழவர் விலை வீழ்ச்சியின்போது அரசின் தாங்குதலைப் பெற்றார். இவரோ அத்தாங்குதல் இன்றியே வாழ்ந்தார். யார் எவ்வளவு பெற்றார் என வினவுவதற்கு முன், யார் பெயர் பதிவேட்டில் இடம்பெற்றது என நாம் வினவுதல் வேண்டும்.