இளங்கன்றும் முழுப்பாரமும்
சாரதி அனுமதிப்பத்திரத்தைப் படிப்படியாக வழங்கும் முறை

‘இளங்கன்று பயமறியாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. புதிதாகப் பழக்கும் காளையை முதல் நாளிலேயே நெல்மூட்டை ஏற்றிய வண்டியில் எந்த விவசாயியும் பூட்டுவதில்லை. முதலில் பழகிய மாட்டுடன் சோடி சேர்த்து நுகத்தில் நடத்துவார். பின்பு வெறும் வண்டி, அதன்பின் அரைப்பாரம். முழுப்பாரமும் இரவுப் பயணமும் கடைசியில்தான். இதே அறிவைச் சில நாடுகள் மோட்டார் வாகனம் ஓட்டப் பழகும் இளையோருக்குச் சட்டமாக்கியுள்ளன. அந்த முறை என்ன, அது உயிர்களைக் காத்ததா, அதிலிருந்து நமது குடும்பங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன என்பவற்றை இங்கு பார்ப்போம்.

இளையோருக்கு ஏன் ஆபத்து அதிகம்?

இளைஞர்கள் வேகமாக ஓடுவதால்தான் விபத்து நேர்கிறது என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது ஓரளவே உண்மை. அனுபவக் குறைவும் வயதும் ஒன்றுசேர்வதே முழுக் காரணம். வாகனத்தைத் திருப்பவும் நிறுத்தவும் சில வாரங்களிற் பழகிவிடலாம். ஆனால் தூரத்தில் நிற்கும் மாடு குறுக்கே வரும், முன்னாற் செல்லும் பஸ் திடீரென நிற்கும் என்று முன்கூட்டியே கண்டுகொள்ளும் பார்வை ஓடி ஓடித்தான் வரும். ஆகவே பெரியவர் ஒருவர் அருகில் இருந்து பழகும் காலத்தில் விபத்துக்கள் மிகக் குறைவு. அனுமதிப்பத்திரம் பெற்றுத் தனியே ஓடத் தொடங்கும் முதற் சில மாதங்களிலேயே விபத்துக்கள் உச்சத்தை அடைகின்றன. அதன் பின்னர் அவை விரைவாகக் குறைந்து செல்கின்றன.

இருளும் கூட்டாளிகளும் இந்த ஆபத்தை மேலும் கூட்டுகின்றன. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 16 வயதுச் சாரதி ஒருவர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும்போது அவர் விபத்தில் இறக்கும் ஆபத்து, தனியே ஓடும்போது உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. சிரிப்பும் பேச்சும் கவனத்தைப் பிரிக்கின்றன. ‘இன்னும் விரட்டு’ என்ற ஒரு சொல் காலை அழுத்தவைக்கிறது.

மூன்று படிகள்

இவ்வாறு படிப்படியாக அனுமதி வழங்கும் யோசனையை 1970களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பணியாற்றிய பற்றீசியா வோலர் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். அதை முழுமையாக முதலில் நடைமுறைப்படுத்திய நாடு நியூசிலாந்து. அங்கு 1987இல் அது சட்டமானது. 1994இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இம்முறையைத் தொடங்கியது. நம்மவர் பலர் குடியேறியிருக்கும் ரொறன்ரோ நகரம் இம்மாகாணத்திலேயே உள்ளது. ‘மகனுக்கு ஜீ-2 கிடைத்துவிட்டது’ என்று அங்குள்ள உறவினர் சொல்ல நம்மிற் சிலர் கேட்டிருப்போம். அதன் பொருள் இதுதான்:

முதலாம் படி ஜீ-1. 16 வயதுக்குப் பின் எழுத்துச் சோதனையிற் சித்தியடைந்தவர் இதைப் பெறுகிறார். குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள சாரதி ஒருவர் அருகில் அமர்ந்திருக்கவேண்டும். நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை ஓடக்கூடாது. அதிவேக நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கவேண்டும். மது ஒரு துளியும் ஆகாது. இந்தப் படி 12 மாதங்கள் நீடிக்கும்.

இரண்டாம் படி ஜீ-2. வீதிச் சோதனையிற் சித்தியடைந்தபின் தனியே ஓடலாம். மதுத்தடை தொடரும். 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் நள்ளிரவுக்கும் அதிகாலை 5 மணிக்கும் இடையில் முதல் ஆறு மாதங்களுக்குத் தம் வயதையொத்த ஒருவரை மாத்திரமே ஏற்றலாம். குடும்பத்தவருக்கு இது பொருந்தாது.

மூன்றாம் படி முழு அனுமதி. ஜீ-2 பெற்று 12 மாதங்களின் பின், இரண்டாவது வீதிச் சோதனையிற் சித்தியடைந்த பின்னரே இது கிடைக்கும்.

இந்த முறையின் உட்கருத்து எளிமையானது. பிள்ளையை வீதியிலிருந்து விலக்கி வைத்தால் அனுபவம் வராது. முழுச் சுதந்திரமும் ஒரேயடியாகக் கொடுத்தால் அனுபவம் வருமுன் உயிர் போய்விடலாம். ஆகவே ஆபத்துக் குறைந்த சூழலில் அனுபவத்தைச் சேர்க்க விட்டு, ஆபத்தான சூழல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவதே வழி.

பலன் என்ன?

வட கரோலினாவில் 1997இன் இறுதியில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. தனியே ஓடத் தொடங்குவோர் முதல் ஆறு மாதங்களுக்கு இரவு 9 மணிக்குப் பின் ஓடக்கூடாது என அங்கு விதிக்கப்பட்டது. வேலைக்குச் செல்வோருக்கு விலக்கு இருந்தது. 1996ஐயும் 1999ஐயும் ஒப்பிட்டபோது, 16 வயதினர் சம்பந்தப்பட்ட உயிர்ச்சேத விபத்துக்கள் 57 வீதம் குறைந்திருந்தன. இரவு விபத்துக்கள் 43 வீதம் குறைந்திருந்தன. மிச்சிகன் மாநிலத்திலும் அதே வயதினரின் விபத்துக்கள் ஏறக்குறைய 25 வீதம் குறைந்தன. நியூசிலாந்தில் இது போதாதென்று கண்டு, 2011இல் பழகத் தொடங்கும் வயதையும் 15இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள்.

குறைபாடுகளையும் மறைக்கக்கூடாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இவ்விதிகள் 18 வயதுக்குட்பட்டோரை மாத்திரமே கட்டுப்படுத்துகின்றன. 2011இல் வெளியான ஆய்வொன்றின்படி, கடுமையான விதிகள் உள்ள மாநிலங்களில் 16 வயதினரின் உயிர்ச்சேத விபத்துக்கள் ஏறக்குறைய 26 வீதம் குறைவாக இருந்தன. ஆனால் 18 வயதினரிடையே அவை ஏறக்குறைய 12 வீதம் கூடுதலாகக் காணப்பட்டன. சிலர் 18 வயதுவரை காத்திருந்து, படிகளில் ஏறாமலே அனுமதி பெற்றது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்ராறியோவிலோ எந்த வயதினரானாலும் புதிய சாரதிக்கு இப்படிகள் உண்டு.

ஒன்ராறியோ இன்னொரு பாடத்தையும் தருகிறது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பை முடித்தவர்களுக்கு 12 மாதத்தை 8 மாதமாகக் குறைத்தார்கள். அவ்வாறு விரைந்து சென்றவர்களின் விபத்து வீதம் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகவே இருந்தது. வகுப்பு நல்லதுதான். ஆனால் அது காலத்துக்கு ஈடாகாது.

நமது வீடுகளில்

நமது நாட்டில் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு 18 வயது நிரம்பவேண்டும். ஆனால் காணியை விட்டு வந்து கூலி வேலையிற் காலந்தள்ளும் குடும்பத்தில், மோட்டார் சைக்கிளோ லான்ட்மாஸ்டரோ ஓடத் தெரிந்த பையன் ஒரு வருமானம். அவனது அவசரமும் நமது தேவையும் ஒன்றுசேரும்போது சாவி கைமாறிவிடுகிறது. ஆனால் அவன் கால் முறிந்து படுத்தால் அந்த வருமானமும் போகும், இருப்பதும் வைத்தியத்துக்குப் போகும். இழந்த வீட்டை என்றோ ஒருநாள் கட்டிவிடலாம். இழந்த பிள்ளையைத் திரும்பப் பெற முடியாது.

சட்டம் சொல்லும்வரை காத்திராமல் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று படிகளை வகுத்துக்கொள்ளலாம்:

1. 18 வயது நிரம்பிப் பயிலுநர் அனுமதி கிடைக்கும்வரை பொது வீதியில் சாவி இல்லை.

2. பழகும் காலத்தில் அனுபவமுள்ள ஒருவர் அருகில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிளில் அருகிருக்க முடியாது. ஆகவே முதலில் வெறும் திடல், பின்பு ஒழுங்கை, கடைசியில் பிரதான வீதி.

3. அனுமதி பெற்ற முதல் ஆறு மாதங்கள் பொழுதுபட்டபின் ஓடவேண்டாம். சூடடிப்புக் காலத்து இரவு வேலைக்குப் பழகிய சாரதியே போகட்டும்.

4. அதே ஆறு மாதங்களும் பின்னால் நண்பர்களை ஏற்றவேண்டாம். லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஆட்களை நிரப்பிக்கொண்டு புதியவர் ஓடவே கூடாது.

5. தலைக்கவசமும் மது அருந்தாமையும் எந்தப் படியிலும் தளர்த்த முடியாதவை. தகப்பனாரும் இவற்றைக் கடைப்பிடித்தால்தான் மகன் கேட்பான்.

இவற்றைத் தண்டனையாகச் சொல்லாமல் பிள்ளையுடன் இருந்து பேசி முடிவெடுங்கள். எத்தனை மாதம் ஒழுங்காக ஓடினால் அடுத்த படி என்று முன்னரே சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்த காத்திருப்பை இளையோர் பொறுத்துக்கொள்வர்.

கலந்துரையாடலுக்கு

அ. நமது கிராமத்தில் 18 வயது நிரம்பாதோர் எந்தெந்த வேலைகளுக்காக வாகனம் ஓடுகின்றனர்? அவ்வேலைகளை வேறு எவ்வாறு செய்யலாம்?

ஆ. பிள்ளைகள் பழகுவதற்கு வாகனப் போக்குவரத்தில்லாத திடல் ஒன்றை நமது சங்கம் ஒழுங்குசெய்ய முடியுமா?

இ. மேற்கூறிய ஐந்தில் எதை நமது குடும்பம் இந்த மாதமே தொடங்கலாம்?