மலிவான கொட்டேஷன் வந்தால்...

புடவைக் கடையில் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு புடவைகள், அதில் ஒன்று மட்டும் முந்நூறு ரூபாய் குறைவு என்றால் நாம் என்ன செய்வோம்? உடனே பில் போடச் சொல்ல மாட்டோம். முந்தானையைப் பிரித்துப் பார்ப்போம். ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறதா, நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். கார் இன்ஷூரன்ஸ் என்று வரும்போது மட்டும், 'அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று அடுப்படிக்குள் போய்விடுகிறோம். அந்தப் பணமும் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்துதான் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். சத்திரப்பட்டிக்கும் விருதுநகருக்கும் ஓடிக்கொண்டே இருப்பவர். வண்டிக் காகிதங்களைப் பார்ப்பது என் பொறுப்பு. பத்தாம் வகுப்புப் படித்தவளுக்குப் புரியாத கணக்கு அதில் ஒன்றும் இல்லை.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தம்பியின் காருக்குப் பாலிசி முடியும் சமயம். தம்பி மனைவி கைக்குழந்தைக்காரி. ஒரு நாள் என்னிடம், "மதினி, பழைய கம்பெனி 12,840 ரூபா கேக்குறாங்க. போன்ல ஒருத்தர் 8,150-க்கு முடிச்சுத் தர்றேங்கிறார். 4,690 ரூபா மிச்சம். பாப்பாவுக்கு வெள்ளிக் கொலுசு எடுத்துரலாம்" என்றாள். "ரெண்டு காகிதத்தையும் எடுத்துட்டு வா, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்" என்றேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கார் இன்ஷூரன்ஸில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று 'தேர்ட் பார்ட்டி'. நம் வண்டியால் பிறருக்கு உயிர்ச்சேதமோ காயமோ பொருள் நஷ்டமோ ஏற்பட்டால் கொடுப்பதற்கு. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடியும் பிடிபட்டால் 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. இன்னொன்று 'ஓன் டேமேஜ்', அதாவது நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கு.

இதில் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அரசாங்கம் நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதப்படி, 1000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ரூ. 2,094. அதற்கு மேல் 1500 சி.சி. வரை ரூ. 3,416. அதற்கும் மேல் ரூ. 7,897. அரசாங்கம் இதை மாற்றினாலும் எல்லாக் கம்பெனிக்கும் சேர்ந்தேதான் மாறும். தம்பியின் கார் இரண்டாவது ரகம். 3,416-க்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 4,031 ரூபாய். இது இரண்டு கொட்டேஷனிலும் ஒன்றுதான். ஆக, விலை குறைந்தது முழுக்க மற்றப் பங்கில். ஒருவர் 8,809 கேட்கும் அதே பங்கை இன்னொருவர் 4,119-க்குத் தருகிறார் என்றால், பாதிக்கும் குறைவு! ஓன் டேமேஜ் விலையை 2007 முதல் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது சகஜம்தான். ஆனால் இவ்வளவு இறங்கினால் எதையோ உருவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பால்கோவா வாங்குகிற நமக்கு இது தெரியாதா? பாலைச் சுண்டக் காய்ச்சினவன் பாதி விலைக்குக் கொடுக்க முடியாது.

என்னென்ன உருவியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து தேடினோம்.

முதலாவது ஐ.டி.வி. என்ற மதிப்பு. கார் திருடு போனாலோ, பழுதுபார்க்கும் செலவு இந்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டிப் போனாலோ, கம்பெனி இதைக் கணக்கு வைத்துத்தான் பணம் தரும். வண்டியின் விலையில் வருஷத்துக்கு ஏற்பக் கழிவு உண்டு. ஒரு வருஷம் முடிந்து இரண்டாவதில் 20 சதவிகிதம், அடுத்து 30, 40, நாலு வருஷம் முடிந்து ஐந்தாவது நடக்கும்போது 50. தம்பி கார் வாங்கியபோது விலை 7 லட்சம். நாலு வருஷம் முடிந்துவிட்டதால் 3,50,000 என்று பழைய கம்பெனி போட்டிருந்தது. மலிவுக் கொட்டேஷனில் 2,80,000. மதிப்பைக் குறைத்தால் பிரீமியம் தானாகக் குறையும், இதில் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

"திருட்டெல்லாம் எங்க மதினி நடக்கப் போகுது" என்றாள். நான் பேங்க் கடனைக் கேட்டேன். இன்னும் 2,60,000 பாக்கி. கடன் இருக்கும் வண்டி என்றால் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும். பழைய பாலிசி என்றால் கடன் போக 89,000 கையில் நிற்கும். மலிவானதில் 14,000. கணக்கைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது.

14,000 எப்படி என்று கேட்பீர்கள். இரண்டாவது விஷயம் அதுதான். எந்தக் கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம் கையைச் சேர்ந்தது (1500 சி.சி.க்கு மேல் 2,000). இது எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் 'நானே இவ்வளவு ஏற்றுக்கொள்கிறேன்' என்று நாமாக எழுதிக் கொடுத்தால் பிரீமியத்தைக் குறைப்பார்கள். மலிவுக் கொட்டேஷனில் யாரையும் கேட்காமல் 5,000 என்று போட்டிருந்தது. ஆக மொத்தம் 6,000 போய்த்தான் பாக்கி.

மூன்றாவது, 'ஜீரோ டிப்ரிசியேஷன்' இல்லை. இது நம் ஊர் ரோட்டில் ரொம்ப முக்கியம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே போவது மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. கேரளா லாரிகளும் பஸ்களும் மாட்டு மந்தையும் அதில்தான். பெரிய விபத்தை விட, முன்பக்கம் இடித்து நசுங்குவதுதான் அடிக்கடி நடக்கும். பம்பர், விளக்கு எல்லாம் இப்போது பிளாஸ்டிக். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். தகரத்துக்கு வண்டியின் வயசைப் பொறுத்துக் கழிப்பார்கள். நாலு வருஷம் தாண்டினால் 35 சதவிகிதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது.

ஒரு உதாரணத்துக்கு, பிளாஸ்டிக் சாமான் 14,000, தகரம் 10,000, கூலி 6,000, ஆக 30,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு இல்லாத பாலிசியில் 1,000 போக 29,000 கிடைக்கும். மலிவானதில் பிளாஸ்டிக்குக்கு 7,000, தகரத்துக்கு 3,500, நம் பங்கு 6,000 எல்லாம் போனால் கிடைப்பது 13,500. வித்தியாசம் 15,500 ரூபாய். (நட்டு, போல்ட், எண்ணெய்க் கணக்கை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் தலை சுற்றும்.) ஒரே ஒரு இடியில் மூன்று வருஷத்து மிச்சம் போய்விடுகிறது.

நாலாவதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. 'நோ கிளெய்ம் போனஸ் 45 சதவிகிதம்' என்று போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் கிளெய்ம் கேட்காமல் இருந்தால் 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவிகிதம் வரை ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. நாலு வருஷம் கேட்காதவருக்கு 45. ஆனால் தம்பி அதற்கு முந்தின ஆடியில் கதவு நசுங்கி, கம்பெனியிடம் பணம் வாங்கியிருந்தான். ஒரு தடவை வாங்கினால் போனஸ் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இதை அந்த ஏஜென்ட் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை. கேட்டபோது, "அதெல்லாம் யாரு பாக்கப் போறா மேடம்" என்றார். பார்ப்பார்கள்! புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பொய் சொல்லிப் போனஸ் வாங்கியது தெரிந்தால், நாம் பணம் கேட்டு நிற்கும் நாளில் அதைக் காட்டியே மறுப்பார்கள். அப்போது அந்த ஏஜென்ட் போனை எடுப்பாரா?

ஐந்தாவதாக, வண்டிச் சொந்தக்காரருக்கான தனிநபர் விபத்துக் காப்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவர் லைசென்ஸோடு ஓட்டிப் போய் விபத்தில் இறந்தால், குடும்பத்துக்கு 15 லட்சம் வரும் பாதுகாப்பு இது. வேறு பாலிசியில் இதே அளவு காப்பு இருந்தால் விட்டுவிடலாம். தம்பிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். இதையா மிச்சம் பிடிப்பது? இளம் தாய்மார்கள் வேறெதைப் பார்க்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் பாருங்கள். ஆர்.சி. உங்கள் பேரில் இருந்து, ஓட்டுவது உங்கள் வீட்டுக்காரர் என்றால், இந்தக் காப்பு அவருக்கு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகப் போட்டு, மதிப்பு 3,50,000, போனஸ் பூஜ்யம், ஜீரோ டிப்ரிசியேஷன், 15 லட்சம் காப்பு என்று அதே ஏஜென்டிடம் திருப்பிக் கேட்டோம். 11,900 என்றார். ஆக நிஜமான மலிவு 940 ரூபாய்தான். அதுவும் நல்ல காசுதானே என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். பணம் கட்டாமல் வண்டியை விட்டுச் சரிசெய்கிற ஒர்க்ஷாப், அந்தக் கம்பெனிக்கு நம் பக்கத்தில் எங்கே? ராஜபாளையத்தில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இல்லை, மதுரைக்குத்தான் போக வேண்டும். எழுபது கிலோமீட்டருக்கு மேல் நொறுங்கிய வண்டியை இழுத்துக்கொண்டு போவதா? பக்கத்தில் ஒன்று இருந்திருந்தால் நானே மாறச் சொல்லியிருப்பேன். தம்பி பழைய கம்பெனியிலேயே கட்டினான்.

எல்லாருக்கும் விலை கூடிய பாலிசிதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கார் பதின்மூன்று வருஷத்து வண்டி. விற்றால் ஒரு லட்சம் தேறாது. அதற்குப் போய் ஜீரோ டிப்ரிசியேஷன் கேட்டால் பல கம்பெனிகள் தரவே மாட்டார்கள். தேர்ட் பார்ட்டியும் 15 லட்சம் காப்பும் போதும் என்று வைத்துக்கொண்டோம். ஆனால் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் காருக்குள் உட்கார்ந்து போகும் நமக்குப் பாதுகாப்பு கிடையாது. அதற்காகப் பயணிகள் விபத்துக் காப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்த்தோம்.

தேர்ட் பார்ட்டியையே விட்டுவிட்டு ஓட்டுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தின் பெரிய கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில்தானே இருக்கிறது. விபத்து நஷ்டஈட்டு வழக்குக்கு வந்து வராந்தாவில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலிசி இல்லாவிட்டால் லட்சக்கணக்கான நஷ்டஈடு வண்டிக்காரரின் சொத்தின் மேல்தான் விழும். கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கும் புது ஸ்கூட்டருக்கு ஐந்து வருஷத்துக்கும் தேர்ட் பார்ட்டியை வாங்கும்போதே எடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதனால் புது வண்டிப் பாலிசியில் இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மழை விஷயமும் ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் பக்கம் நமக்கெல்லாம் சொந்தபந்தம் இருக்கிறது. வெள்ளச் சேதம் ஓன் டேமேஜில் சேர்ந்ததுதான். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் கெட்டுப்போனால் சாதாரணப் பாலிசியில் தர மாட்டார்கள். எஞ்சினுக்கு என்று தனிக் காப்பு இருக்க வேண்டும். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போவதுதான் நல்லது.

ஆடிப்பூரத் தேருக்கு வண்டி கேட்டு வருகிறவர்களிடம் 'டீசலுக்கு மேல் ஏதாவது கொடுங்கள்' என்று வாங்குகிற வழக்கம் இருக்கிறதே, அதையும் விட்டுவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது.

எந்தக் கொட்டேஷனை எடுத்தாலும் பணத்தைக் கம்பெனியின் பேருக்கே கட்டுங்கள். ஏஜென்டின் சொந்த நம்பருக்குச் செல்போனில் அனுப்பாதீர்கள். போலிப் பாலிசிகளும் நடமாடுகின்றன. கட்டின சில நாட்களில் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பாலிசி எதுவரை என்று காட்டும். கம்பெனி நியாயமில்லாமல் கிளெய்மை மறுத்தால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் வழி பிறக்காவிட்டால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஆனால் கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். தேதி தவறினால் ஓன் டேமேஜுக்கு வண்டியைப் பார்வையிட்ட பிறகுதான் புதுப்பிப்பார்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸும் போய்விடும். மூன்று வாரம் முன்னதாகவே காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டால், மத்தியானம் குழந்தை தூங்கும் நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் நிதானமாக விசாரிக்கலாம்.